78 என்ற எண்ணை வைத்துக்கொண்டு வகுப்பில் நான் என்ன செய்வது?

வினா: 19.06.2023

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் பதினொரு வயது நிறைந்த ஒரு பையன் இருக்கிறான். பேச்சில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். சென்ற ஆண்டு முகாமில் உளவியலாளர் ஒருவர் அவனைச் சோதித்து, "பினே-காமத் சோதனை, நுண்ணறிவு ஈவு 78, எல்லைக்கோட்டு நிலை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளில் அதற்கு மேல் எதுவும் இல்லை. உதவித்தொகையும் கிடையாது, தேர்வுச் சலுகையும் கிடையாது என்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை எப்படியும் தேர்ச்சிதானே, விட்டுவிடுங்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஒருமுறை வந்து ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவதற்குப் பள்ளிக்கு உளவியலாளர் எதற்கு என்பதே என் கேள்வி.

20.06.2023

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பத்தொன்பது ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளை மதிப்பிட்டு வருகிறேன். டீச்சரின் கேள்வி என் தொழிலைப் பார்த்துக் கேட்கப்பட்டது. கோபத்தோடு கேட்டிருக்கிறார், அந்தக் கோபம் நியாயமானது.

முதலில் அந்த நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ. எண், எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பினே-காமத் முறையில் பிள்ளையின் மன வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். சென்ற ஆண்டு சோதித்தபோது அவனுக்குப் பத்து வயது என்றால் 120 மாதம். அவன் விடை சொன்ன கேள்விகள் 94 மாதத்துக்கு, அதாவது ஏழு வயது பத்து மாதத்துக்கு ஒப்பாக இருந்தால், கணக்கு 78 என்று வரும். அந்தக் காலையில், அந்த மனிதருக்கு முன்னால், அந்தக் கேள்விகளுக்கு அவன் சொன்ன விடைகள் இவ்வளவு என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. நன்றாக நடத்தப்பட்ட சோதனையிலும் ஐந்தாறு புள்ளி முன்பின் ஆகும் என்பதால், 78 என்று எழுதியிருந்தால் 72க்கும் 84க்கும் இடையில் எங்கோ என்றே நாங்கள் படிப்போம்.

இந்தச் சோதனையின் மூலவரான ஆல்ஃபிரட் பினே 1905இல் சிமோனோடு சேர்ந்து பாரிஸில் முதல் அளவுகோலை உருவாக்கியது, பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனி உதவி தேவை என்று கண்டறிவதற்காக. அறிவு என்பது கூட்டவே முடியாத ஒரு நிலையான அளவு என்று பேசியவர்களை அவர் 1909இல் கடுமையாக எதிர்த்து எழுதினார். உதவிக்காகப் பிறந்த கருவி, உதவியை மறுப்பதற்கான சான்றாக உங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

உங்களிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன். அவனுடைய கண்ணை யாராவது பார்த்தார்களா? காதைப் பார்த்தார்களா? சோதித்தவர் அவனுக்குப் புரிகிற தமிழில் பேசினாரா?

பெற்றோரிடம் அந்த எண்ணைச் சொல்ல வேண்டாம். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால்கூட எழுத வேண்டாம்.

21.06.2023

நேற்று எழுதியதில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மன வயதை வைத்து வகுக்கும் முறை எல்லாச் சோதனைகளுக்கும் பொருந்தாது. வெக்ஸ்லர் வழியில் வந்த சோதனைகளில், அதே வயதுப் பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்து, அதிலிருந்து ஒரு பிள்ளை எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்த முறையில் நூற்றுக்கு 68 பேர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். ஆகவே ஒரு சோதனையில் வந்த 78ஐ இன்னொரு சோதனையின் 78ஓடு அப்படியே ஒப்பிட முடியாது. அறிக்கையில் சோதனையின் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருந்தால், அந்த அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துக் கேட்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு.

24.06.2023

"புரிகிற தமிழ்" என்றால் என்ன, தமிழ் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சோதனையில் உள்ள கேள்விகளைப் பொதுவில் எழுதுவது எங்கள் தொழில் ஒழுங்குக்கு ஆகாது, ஆகவே இணையான சொற்களைச் சொல்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைக்கு வீட்டைப் பெருக்குவது வாரியல். துடைப்பம் என்று கேட்டால் சில பிள்ளைகள் விழிப்பார்கள். முறம் என்றால் தெரியாது, சுளகு என்றால் அம்மா அதில்தான் இலையையும் தூளையும் வைத்துப் பீடி சுற்றுகிறாள் என்று உடனே சொல்வார்கள். மெதுவாகச் சொல் என்பதைவிடப் பையச் சொல் என்றால் அந்தப் பிள்ளையின் தோள் இறங்கும், மூச்சு சீராகும். வெளியூர்த் தமிழில் நூல் பிடித்தாற்போல் கேள்வி கேட்கும் ஒருவருக்கு முன்னால் அது வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், விடை தெரியவில்லை என்று சுழியம் விழும். அந்தச் சுழியம் பிள்ளையுடையது அன்று.

எழுத்துப் பிழையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பழத்தைப் "பளம்" என்று எழுதினால் அதைக் கற்றல் குறைபாட்டின் (அறிவு இருந்தும் படிக்க, எழுத, கணக்குப் போட இடர்ப்படும் நிலையின்) அறிகுறி என்று பலர் குறித்துக்கொள்கிறார்கள். வீட்டிலும் தெருவிலும், உண்மையைச் சொன்னால் பல வகுப்பறைகளிலும், அவன் காதில் விழுவது "பளம்" தான். ரகர றகர மயக்கமும் அப்படியே, பட்டம் பெற்றவர்களுக்கும் அது உண்டு. நான் பார்ப்பவை வேறு. "கொ" என்று எழுதத் தொடங்கித் துணைக்காலை விட்டுவிட்டுக் "கெ" என்று நிறுத்துவது, சொல்லின் நடுவில் ஓர் எழுத்தை விழுங்குவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது. இவை ஒரு பக்கத்தில் மட்டும் அல்லாமல், மாதக் கணக்கில் நோட்டு முழுவதும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் பெரும்பாலும் எழுதியபடியே படித்துவிடலாம் என்பதால், வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைகூடத் தட்டுத் தடுமாறிச் சரியாகவே படித்து முடித்துவிடும். சரியா தவறா என்று மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு அங்கே ஒன்றும் தெரியாது, கடிகாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். டீச்சர், இரண்டாம் வகுப்புப் பாடத்தில் அவன் முன்பு பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் படிக்கிறான் என்று எண்ணி எழுதுங்கள். வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதையே கொடுங்கள்.

02.07.2023

டீச்சர் எண்ணி எழுதிவிட்டார். மற்ற இருவரும் ஒரு நிமிடத்தில் ஐம்பது சொல்லைத் தாண்டியிருக்கிறார்கள், இவன் பதினொரு சொல். அந்தப் பதினொன்றும் சரியாக இருந்திருக்கின்றன. கண்ணையும் காதையும் யாரும் பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

காதைப் பற்றி நான் அழுத்திக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2009இல் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பையனைச் சோதித்தேன். 64 வந்தது. இலேசான அறிவுசார் குறைபாடு என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஓராண்டு கழித்து அதே ஊருக்குப் போனபோது அவன் பள்ளியில் இல்லை. இவனுக்குப் படிப்பு வராது என்று டாக்டரம்மாவே எழுதிவிட்டார்கள் என்று சொல்லி அவனுடைய அப்பா செங்கல் சூளைக்குக் கூட்டிப் போயிருந்தார். நான் டாக்டர் அல்லேன், அப்படி எழுதவும் இல்லை. ஆனால் என் தாள் அவர் வீட்டில் அப்படித்தான் படிக்கப்பட்டிருந்தது. பையனைத் தேடிப் போய்ப் பார்த்தபோது அவன் இரண்டு காதிலும் சீழ் வழிந்து காய்ந்திருந்தது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான் என்றார்கள். காதுக்கு மருத்துவம் பார்த்து, கேள்திறனை அளந்து, பேச்சு விளங்கும்படி எதிரே அமர்ந்து மறுபடி சோதித்தபோது அவன் பெற்ற எண் 64க்கு வெகு தூரத்தில் இருந்தது. பழைய அறிக்கையை நீக்கிப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். அவனுடைய ஓராண்டை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் சோதிக்கும் முன், அதன் பின்னால் சில அடி தள்ளி நின்று, மெல்லிய குரலில் "கொய்யா", "வாய்க்கால்", "சைக்கிள்" என்று சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வேன். காது மருத்துவரின் சோதனைக்கு இது ஈடாகாது, ஆனால் யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.

பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மிஷனரிப் பெண்கள் பள்ளி தொடங்கினார்கள். சட்டமும் அடையாள அட்டையும் வருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே இந்த ஊர் அதைச் செய்தது. கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற குறைக்கு அன்றே பள்ளி வந்துவிட்டது. உட்கார்ந்து பேசினால் எல்லாம் சொல்லிவிட்டு, புத்தகத்தைத் திறந்ததும் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளையைச் சட்டம் கண்டுகொள்ள 2016 வரை ஆயிற்று.

09.07.2023

வள்ளியூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருப்பதைப் படித்து இரண்டு நாள் யோசித்தேன். அவருடைய மகனின் எண்ணை மூன்று ஆண்டுகள் அவரிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பெற்றவளுக்கு மட்டும் தெரியவில்லை. "என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியக் கூடாதது என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்.

20ஆம் தேதி நான் எழுதியது தவறு. பெற்றோரிடம் சொல்ல வேண்டாம் என்றது, 2009இல் அந்த அப்பா செய்ததை நினைத்து வந்த அச்சம். அச்சத்தால் ஓர் உரிமையை மறுக்க முடியாது. அந்த எண்ணைச் சொல்ல வேண்டும், அது எந்த எல்லைக்குள் அசையும் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது, எது வரவில்லை, நாளை காலையிலிருந்து வீட்டில் என்ன செய்யலாம் என்பதையெல்லாம் அதே அமர்வில், அவர்கள் கேள்வி கேட்டு முடிக்கும் வரை இருந்து சொல்ல வேண்டும். முகாமில் ஒரே நாளில் நாற்பது பிள்ளைகளைப் பார்க்க வைத்தால் இதைச் செய்ய யாராலும் முடியாது. அந்த உளவியலாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதிவேட்டில் எழுத வேண்டாம் என்றதில் மாற்றம் இல்லை. "மெல்ல மலரும் மாணவர்கள்" என்ற சொல்லை நல்ல மனத்தோடுதான் உருவாக்கினார்கள். ஒரு பள்ளியில் பிள்ளைகள் அதைச் சுருக்கி ஒரு சிறுமியை "மெல்ல" என்றே கூப்பிடுவதை நான் கேட்டிருக்கிறேன்.

30.07.2023

சலுகை ஏன் கிடையாது என்ற கேள்விக்கு இதுவரை நான் விடை சொல்லவில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அதை எப்படி மதிப்பிடுவது என்று மத்திய அரசு 2018 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியரே முதலில் பிள்ளைகளைச் சலித்துப் பார்க்க வேண்டும். பிறகு குழந்தை மருத்துவர் பார்வை, கேள்திறன், நரம்பு நிலை ஆகியவற்றைப் பார்ப்பார். அதன் பிறகே உளவியலாளர் நுண்ணறிவைச் சோதிப்பார். அந்த ஈவு 85க்கு மேல் இருந்தால் மட்டுமே கற்றல் குறைபாட்டுக்கான சோதனைத் தொகுதிக்கு, அதாவது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கியதற்கு, பிள்ளை அனுப்பப்படும். மறுபக்கம், அறிவுசார் குறைபாடு என்று பொதுவாகக் கொள்ளப்படுவது 70க்குக் கீழே.

இப்போது 78ஐப் பாருங்கள். 70க்கும் 85க்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு இந்தப் பக்கமும் சான்றிதழ் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. எண்ணிக்கையில் இவர்கள் சிலர் அல்லர், ஏறத்தாழ ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். முகாமில் இவர்களுடைய தாளில் "எல்லைக்கோட்டு நிலை" என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். எல்லைக்கோடு என்பது நம் ஊரில் இரண்டு வயலுக்கு நடுவில் உள்ள வரப்பு. அதில் யாரும் நாற்று நடுவதில்லை.

இன்னொரு முக்கியமான செய்தியும் உண்டு. 2018 வழிகாட்டுதல் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பது மாலின் சோதனையையும் வெக்ஸ்லர் சோதனையையும். பினே-காமத்தில் மொழியின் பங்கு மிகுதி. வாசிக்க இயலாததால் சொல்வளம் சேராத பிள்ளைக்கு அது இரண்டு முறை தண்டனை கொடுக்கும். நாகபுரியில் மாலின் 1969இல் அமைத்த சோதனை மொழிப் பகுதியையும் கையால் செய்து காட்டும் செயல் பகுதியையும் தனித்தனியே காட்டும். அது 1949ஆம் ஆண்டின் வெக்ஸ்லர் சோதனையைத் தழுவியது, அதன் அளவீடுகள் பழையவை. பழைய அளவீட்டை வைத்துச் சோதித்தால் இன்றைய பிள்ளைக்குச் சில புள்ளி கூடுதலாகவே விழும். அமெரிக்காவில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி என்று ஃபிளின் 1984இல் காட்டினார். குறை தெரிந்தே பயன்படுத்துகிறோம், அறிக்கையிலும் அதை எழுதுகிறேன்.

தலைமையாசிரியரும் அவனுடைய அம்மாவும் இசைந்தால் நானே வந்து பார்க்கிறேன். அதற்கு முன் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

19.08.2023

இன்று போய் வந்தேன். அவனுக்குக் காதில் குறை இல்லை. கண்ணில் கிட்டப்பார்வை இருந்திருக்கிறது. கண்ணாடி போட்டு இரண்டு வாரம் ஆகிறது. கரும்பலகை தெரிகிறது, ஆனால் வாசிப்பு அவ்வளவாக மாறவில்லை என்று டீச்சர் சொன்னார். எழுத்துத் தெளிவாகத் தெரிந்த பின்னும் வேகம் கூடாததால், வாசிப்பின் இடர் கண்ணைத் தாண்டியது என்று விளங்கிற்று.

சோதனைக்கு முன் அரை மணி நேரம் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். கன்னடியன் கால்வாயில் நீந்திப் பழகிய பிள்ளை அவன். "ஆத்துக்கு யாரும் பூட்டுப் போட முடியாதுக்கா, வாய்க்காலுக்கு மடை உண்டு" என்றான். இந்த விடையைச் சொன்ன பிள்ளையை நான் 78 என்று எழுதியிருப்பேனா என்று நினைத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தேன்.

அவனுடைய அம்மா பீடிக் கடைக்குக் கொண்டுபோகும் கட்டுகளை எண்ணுவது அவன்தான். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. பதினேழு கட்டு என்றால் எத்தனை பீடி என்று வாயால் கேட்டதும், "நாலு கட்டு நூறு, பதினாறு கட்டு நானூறு, மேல ஒண்ணு" என்று சொல்லி நானூற்று இருபத்தைந்து என்றான். அதே கணக்கு அவனுடைய நோட்டில் பெருக்கலாக, இலக்கம் இடம் மாறி, தவறாகக் கிடக்கிறது. (அவன் எண்ணுவதோடு நிற்க வேண்டும், சுற்றவும் கட்டவும் விடக் கூடாது, அது பிள்ளைகள் செய்யக் கூடாத வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். "நானும் விட மாட்டேன்மா, இந்தத் தூள் என்னோட போகட்டும்" என்றார்.)

சோதனை முடிந்து கணக்கிட்டேன். செயல் பகுதியில் 97, மொழிப் பகுதியில் 75, இரண்டின் சராசரி 86.

20.08.2023

இரவு தூக்கம் பிடிக்கவில்லை. 86 என்பதால் கதவு திறந்துவிட்டது. 84 வந்திருந்தால் அதே பையனுக்கு, அதே நோட்டுக்கு, அதே பதினொரு சொல்லுக்குக் கதவு மூடியே இருந்திருக்கும். மதிப்பெண்ணை நான் நெறிப்படி, ஒன்றையும் கூட்டாமல்தான் போட்டேன், டீச்சரிடம் தாளையும் காட்டினேன். ஆனாலும் ஐந்தாறு புள்ளி அசையும் கருவியை வைத்துக்கொண்டு ஒரு புள்ளியில் பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லும் விதியோடு என்னால் உடன்பட முடியவில்லை. இதைத் துறையினருக்கும் எழுதப்போகிறேன்.

செயலுக்கும் மொழிக்கும் நடுவில் உள்ள 22 புள்ளி இடைவெளியே இந்த அறிக்கையின் உயிர். சராசரி அதை மறைத்துவிடுகிறது. அறிக்கையின் முதல் வரியில் இடைவெளியை எழுதினேன். 86ஐக் கடைசியில் எழுதினேன்.

14.10.2023

கற்றல் குறைபாட்டுச் சோதனையும் முடிந்து, ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. ஆங்கில வாசிப்புக்காக அமைந்த பகுதியைத் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு அப்படியே வைக்க இயலாது என்பதால், தமிழ் வாசிப்பையும் சொல்வதெழுதலையும் வகுப்புப் பாடங்களைக் கொண்டு தனியே விரித்து எழுதினேன். 2018 வழிகாட்டுதலின்படி இந்தச் சான்றிதழ் பதினான்கு வயதில் ஒருமுறை, பதினெட்டில் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். பதினான்கில் மறந்துவிட்டால், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் கேட்கும்போது கையில் செல்லுபடியாகும் தாள் இருக்காது. அம்மாவின் கைப்பேசியில் அந்தத் தேதியைப் பதிந்து கொடுத்திருக்கிறேன்.

பொதுத் தேர்வுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை வகுப்பில் செய்ய வேண்டியதற்குச் சான்றிதழே தேவையில்லை. வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணில் வாய்மொழி விடைக்கும் செயல்பாட்டுக்கும் இடம் இருக்கிறது, அதை அவனுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வகுப்புத் தேர்வில் வினாத்தாளை அவனுக்குப் படித்துக் காட்டலாம். கணக்கில் முதலில் வாயால் சொல்ல வைத்து, அவன் சொன்னதை அவனையே இலக்கமாக எழுத வைக்கலாம். நாள்தோறும் கால் மணி நேரம், அவன் வயதுக்குக் கூச்சம் தராத எளிய பத்திகளை, வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர் வகுத்த வரிசையில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று ஒவ்வொன்றாகப் படிக்க வைக்கலாம். உரக்கப் படிக்கச் சொல்லி வகுப்பு நடுவில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

10.01.2024

டிசம்பர் வெள்ளத்தில் நம் மாவட்டத்தில் தேர்வு தள்ளிப்போய், இந்த மாதம்தான் நடக்கிறது. சமூக அறிவியல் தாளை டீச்சர் படித்துக் காட்ட, அவன் எழுத்தைவிட வாயால் மிகுதியாக விடை சொல்லியிருக்கிறான். ஒரு நிமிடத்துக்கு இப்போது பத்தொன்பது சொல். ஐம்பதைத் தொட இன்னும் நெடுங்காலம் ஆகும், அவனுடைய அம்மாவிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

டீச்சர் புதிதாக ஒரு பெண் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவளுக்கு மொழியில் 77, செயலில் 80. இடைவெளி இல்லை, எந்தக் கதவும் திறக்காது. அவளுக்காக என்னால் எழுதித் தரக்கூடிய சான்றிதழ் ஒன்றும் இல்லை. அவனுக்குச் செய்யும் அத்தனையையும் அவளுக்கும் செய்யுங்கள், அதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். இருவருடைய கணக்கு நோட்டையும், ஜூன் மாதத்தது ஒன்றும் இந்த மாதத்தது ஒன்றுமாக, எடுத்து வைத்திருங்கள். அந்தப் பெண் பிள்ளையின் அம்மாவால் பகலில் வர இயலாது என்றால், நான் மாலை வரை இருக்கிறேன் என்று சொல்லி அனுப்புங்கள்.